ரோஸ் தாள் நிறத்தில் ஒரு காசுமாலை

பதினைந்து வருடங்களாக என்னுடைய கடவுச்சொல் ஒன்றேதான். 255, 60, 150. இடைவெளி விடாமல் அடித்தால் எட்டு இலக்கம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள் இப்படி ஒன்றையே வைத்துக்கொண்டிருக்கலாமா என்றால், கூடாதுதான். போன மாதம் மாற்றிவிட்டேன். திருட்டுப் பயத்தால் மாற்றவில்லை, வெட்கத்தால் மாற்றினேன். அந்த வெட்கத்தைச் சொல்வதென்றால் எங்கள் அத்தையின் காசுமாலையிலிருந்து தொடங்க வேண்டும்.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. எனக்குப் பத்து வயதானபோது அவள் கோட்டையூரில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு, காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தாள். அது கடைசி வருடம். அப்பா நகை செய்கிற பத்தர். முன்னறையில் அவருடைய பட்டறை, அதற்கு அடுத்த அறையில் அத்தையின் கம்ப்யூட்டர். மதுரையில் பழைய விலைக்கு வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. முன்னறையில் ஊதுகுழல் சத்தம், அடுத்த அறையில் கம்ப்யூட்டருக்குள் சுற்றும் காற்றாடியின் சத்தம். இரண்டையும் மிஞ்சுகிற சத்தம் அடுப்படியில் அம்மாவுடையது.

அந்த வருடம் அத்தை செய்ய வேண்டிய ப்ராஜெக்ட், திரையில் ஒரு காசுமாலையை வரைந்து அதன்மேல் வெளிச்சம் விழவைப்பது. காசுமாலையைத் தேர்ந்தெடுத்ததற்குப் பத்தர் குடும்பத்துப் பெருமை எல்லாம் காரணம் இல்லை. ஒரு காசை வரைந்துவிட்டால் மீதியை அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்கிற சோம்பேறித்தனம்தான் காரணம். இதை அவளே சொல்லிச் சிரிப்பாள். அம்புக்குறி விசையை அழுத்தினால் திரைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளக்கு நகரும். அது நகர நகரக் காசுகளின் மேல் ஒளி ஊர்ந்து போகும். அந்த விசையை அழுத்தும் உரிமை வீட்டுப்பாடம் முடித்தால் எனக்குக் கிடைக்கும். என் வாழ்க்கையிலேயே நான் ஒழுங்காக வீட்டுப்பாடம் செய்த வருடம் அதுதான்.

நிறங்களை எல்லாம் அவள் தனியாக ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் நிரலைத் தொடாமல் அந்தக் கோப்பில் எண்ணை மாற்றினாலே போதும், திரையில் நிறம் மாறிவிடும். காசுக்கு மட்டும் மூன்று வரிகள். வெளிச்சம் படாத இடத்தில் என்ன நிறம், சாதாரணமாகப் படுகிற இடத்தில் என்ன நிறம், பளிச்சென்று அடிக்கிற இடத்தில் என்ன நிறம். அவற்றுக்கு அவள் வைத்த பெயர்கள் நிழல், உடம்பு, மினுக்கு. மூன்றையும் நிரல் வெளிச்சத்துக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும். ஒவ்வொரு வரியிலும் மூன்று எண்கள் இருக்கும். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று சுழியத்திலிருந்து 255 வரைக்கும் போடலாம். சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள் வரும் என்று அவள் காட்டியபோது நான் நம்பவில்லை. என் வர்ணப் பெட்டியில் அவை சேர்ந்தால் சாணி நிறம்தான் வரும்.

மஞ்சள் வந்தது. அதில்தான் வம்பே. எத்தனை எண்களை மாற்றிப் பார்த்தாலும் மஞ்சள்தான் வந்தது, தங்கம் வரவில்லை. ஒரு நாள் மாம்பழம் போல இருந்தது. இன்னொரு நாள் கொண்டைக்கடலைச் சுண்டலைக் கோத்தது போல இருந்தது. கல்லூரியில் அவளுடைய ப்ராஜெக்டைக் கவனித்துக்கொண்ட சார், "மின்னுவதெல்லாம் பொன்னல்லன்னு சொல்லுவாங்க. உன்னோடது மின்னக்கூட இல்லையேம்மா" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டாராம். வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவதற்குள் வெளிச்சத்தைச் சரிசெய்யாவிட்டால் தேறுவது கஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறார்.

தேறாவிட்டால் என்ன ஆகும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்கு எடுத்திருந்தது, ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பெரியப்பாவும் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "எல்லாத்தையும் ஒரே மூச்சுல பாஸ் பண்ணிட்டா வேலைக்குப் போகட்டும். ஒண்ணு நின்னுபோச்சுன்னாலும் தை மாசம் கல்யாணம்." மாப்பிள்ளைகூடத் தயார். நாச்சியாபுரத்தில் இருந்தார், நல்லவர் என்றுதான் சொன்னார்கள். அத்தைக்கு அவர்மேல் எந்தக் கோபமும் கிடையாது. கோயம்புத்தூர் மேல் ஆசை, அவ்வளவுதான்.

தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அத்தை அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, செத்த இங்குட்டு வந்து பாருங்க."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பொடி நகையைப் பார்ப்பதுபோலத் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"நல்ல மஞ்சளா இருக்குத்தா."

"மஞ்சள்னு எனக்கும் தெரியுதுண்ணே. தங்கமா இருக்கா?"

"இல்ல."

"ஏன் இல்ல?"

அப்பா நகத்தால் திரையைத் தட்டிப் பார்த்தார். "என்னமோ இல்ல. கவரிங்னாகூட நம்பலாம். இது பிளாஸ்டிக்கு."

"இருவது வருசமா தங்கத்தோடயே கெடக்கீக, அது என்ன கலருன்னு சொல்லத் தெரியல!"

"சோறு தின்னுறவன் எல்லாம் சோறு என்ன ருசின்னு சொல்லிருவானா?" என்று கேட்டுவிட்டு அப்பா பட்டறைக்குப் போய்விட்டார். கொல்லர் தெருவில் ஊசி விற்கப் போனது போலத்தான் ஆயிற்று அத்தையின் பாடு. அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, இருட்டிப்போன திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தமாகப் பேசுகிறவள் சும்மா இருந்தால் வீடே சும்மா இருப்பது போலத் தோன்றும். எனக்குத் தாங்கவில்லை.

எனக்கு விடை தெரிந்திருந்தது என்பதுதான் விஷயம். பத்தர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த விடை அது. செய்து முடித்த நகையை அப்பா வெறுமனே கொடுக்க மாட்டார். ரோஸ் நிறத்தில் ஒரு மெல்லிய தாள் உண்டு. அதை விரித்து, நகையை அதன்மேல் வைத்து, அப்புறம்தான் வாடிக்கையாளர் பக்கம் தள்ளுவார். அதுவரை சுமாராகக் கிடந்த சங்கிலி அந்தத் தாளில் ஏறியதும் பழுத்த பொன்னாகிவிடும். "தாளோட செவப்பு தங்கத்துல ஏறும்" என்று அப்பா சொல்லுவார். ஆக, அத்தையின் மாலையில் குறைவது ரோஸ். இதைக் கண்டுபிடிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டுமா என்ன?

மறுநாள் காலை அத்தை குளிக்கப் போனதும் நான் பட்டறையிலிருந்து ஒரு ரோஸ் தாளை உருவிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். படம் வரைகிற நிரலைத் திறந்து, தாளைத் திரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை எண்களை ஏற்றி இறக்கினேன். 255, 60, 150. மறந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். பிறகு அத்தையின் வண்ணக் கோப்பைத் திறந்தேன். தாளுக்கென்று அதில் வரி இல்லை. அதனால் என்ன, சிவப்பு தங்கத்தில் ஏற வேண்டும், அவ்வளவுதானே? நிழல், உடம்பு, மினுக்கு மூன்றிலும் பழைய எண்களை அழித்துவிட்டு ரோஸை ஏற்றினேன். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். அன்று குரங்கு கையில் கிடைத்தது காசுமாலை.

நிரலை ஓட்டி, மாலை எப்படி வருகிறது என்று பார்க்க நேரமில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச் சேமித்துவிட்டு ஓடினேன். அத்தை ஈரத் தலையோடு வந்து எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றினாள். அந்த வருடங்களில் எங்கள் பக்கம் கரண்ட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஏற்றி முடித்த மறு நிமிடம் போய்விட்டது. அம்மா புளியோதரை கட்டிய டப்பாவைப் பையில் திணித்தாள். அத்தை சாமி படத்துக்கு ஒரு கும்பிடு, அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு எட்டு மணி பஸ்ஸுக்கு ஓடினாள். வாசல்வரை கூடப் போய் வழியனுப்பியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரகசியத்தைப் பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

பெருமை பத்தரை மணி வரைக்கும் நீடித்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் கதையைச் சொன்னேன். அவள் பென்சிலைக் கடித்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ஓட்டிப் பாத்தியா?"

அதற்கப்புறம் நடந்த பாடம் எதுவும் என் காதில் ஏறவில்லை. மாலையே வராமல் போயிருந்தால்? நிரலே திறக்காமல் போயிருந்தால்? அத்தை எல்லார் முன்னிலையிலும் நின்றுகொண்டிருப்பது போலவும், நாச்சியாபுரத்து மாப்பிள்ளை பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது போலவும் தோன்றியது. உள்ளங்கையைத் தண்ணீர்க் குழாயில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். மலிவான பேனாதான், ஆனால் அன்றைக்கு மட்டும் மை முழுதாகப் போகவில்லை.

அத்தை மத்தியானம் இரண்டு மணிக்கு வந்துவிடுவாள் என்று அம்மா சொல்லியிருந்தாள். நாலு மணிக்குப் பள்ளியிலிருந்து வந்தேன், அத்தை இல்லை. ஐந்து அடித்தது, இல்லை. பஸ் வருகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். ஆறரை மணிக்கு அவள் வந்தாள். கையில் பேக்கரிப் பொட்டலம், அதில் பட்டர் பன். அடுப்படியில் எட்டிப் பார்த்து, "மதினி, பாஸ்" என்றாள். அம்மா கரண்டியோடு வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பட்டறையிலிருந்து அப்பா, "பிளாஸ்டிக்கையா தங்கம்னு ஒத்துக்கிட்டாக?" என்று கேட்டார். "தங்கம்தான்ணே. வந்து பாருங்க" என்றாள் அத்தை.

பென்டிரைவைச் சொருகினாள். மாலை வந்தது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அது எனக்குத் தெரியும். காசுகளின் ஓரம் தேன் நிறத்தில் இருண்டு, நடுவில் பொன்னாகி, விளக்கு நகர நகர ஒவ்வொரு காசாகப் பற்றிக்கொண்டு எரிந்தது. அப்பா குனிந்து பார்த்தார். அம்புக்குறி விசையைத் தானே ஒரு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு, "எத்தன பவுன் இருக்கும்?" என்றார். அவர் தரக்கூடிய பெரிய பாராட்டு அதுதான்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். "அத்தை, கோவிச்சுக்காதீக, நாந்தான் நம்பரை மாத்தினேன்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். பாதி அழிந்த எண்களை அத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். எதற்காக ரோஸ் என்று கேட்டாள். தாளைப் பற்றிச் சொன்னேன். அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. கடைசியில் என் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தாள்.

"நீ மாத்தினதாலதான்டீ தங்கமே வந்துச்சு. இந்தா, பன்னைத் தின்னு."

அதற்குள் அம்மா பையைப் பிரித்துவிட்டாள். "ஏத்தா, கட்டிக் குடுத்த புளியோதரை அப்படியே இருக்கு? ஒரு வாய்கூடத் திங்கலையா?"

"சந்தோசத்துல பசிக்கல மதினி" என்றாள் அத்தை.

அத்தை கோயம்புத்தூருக்குப் போனாள். பெரியப்பாவே பஸ் ஏற்றிவிட்டார். போகும்போது கம்ப்யூட்டரை எனக்கே விட்டுவிட்டுப் போனாள். தங்கத்துக்கு நிறம் கண்டுபிடித்தவள் என்கிற தலைக்கனத்தோடு நான் அதன்முன் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே இல்லை. இப்போது சென்னையில் விளையாட்டுகள் தயாரிக்கும் ஓர் இடத்தில் வேலை. திரைக்குள் இருக்கும் வீடுகளுக்கும் காடுகளுக்கும் கோயில்களுக்கும் வெளிச்சம் போடுவதுதான் என் தொழில். கூடப் படித்தவர்கள் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். தடுமாறும்போதெல்லாம் எனக்கு மட்டும் ஒரு பிடி இருந்தது. பத்து வயதில், ஓட்டிக்கூடப் பார்க்காமல், கண்ணாலேயே சரியாகச் சொன்னவள் நான்.

போன மாதம் எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பையன் ஒரு கிரீடத்துக்குத் தங்க நிறம் வராமல் இரண்டு நாள் திண்டாடினான். நான் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஊர்க்கதையை எல்லாம் விஸ்தாரமாகச் சொல்லி, "இப்போ பார்" என்று என் எட்டு இலக்கத்தையும் மூன்று இடங்களிலும் அடித்தேன்.

பஞ்சுமிட்டாய் நிறத்தில் ஒரு கிரீடம் வந்தது.

குழுவே கூடி நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். 60 பச்சை, 150 நீலம். அது எப்படித் தங்கமாகும்? நாள்தோறும் இதே மாதிரி எண்களோடு பிழைப்பு நடத்துகிறவள், என் கடவுச்சொல்லை ஒரு நாளாவது நிறமாக நினைத்துப் பார்க்கவில்லை. விரல்தான் அதை அடித்துக்கொண்டிருந்தது. சிரிப்பு அடங்கியபின் கழிவறைக்குள் போய் நின்றுகொண்டு அத்தைக்குப் போன் போட்டேன்.

அத்தைக்குக் கீழே இப்போது இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். குரல் மட்டும் குறையவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் போனே அதிரும்படி சிரித்தாள். "இப்பத்தான் தெரிஞ்சுச்சா? மெதுவாத்தான் கண்டுபுடிச்சிருக்க."

அன்று தேர்வில் பத்து மணிக்கு முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிட்டார்களாம். திரையில் ரோஸ் மாலை. வெளியூர்த் தேர்வாளர், "பொம்மைக் கல்யாணத்துக்கா?" என்று கேட்க, வகுப்பே சிரித்திருக்கிறது. சரிசெய்ய முடிந்தால் கடைசி ஆளாக வா, இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். பின்வரிசையில் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தாளாம். பழைய எண்களை அவள் வேறெங்கும் எழுதி வைத்திருக்கவில்லை.

"உன்னக் கொன்னுரணும்போல இருந்துச்சு. அழுதுக்கிட்டே அந்தக் கண்றாவி மாலையப் பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு மணிக்கு மேலதான் ஒண்ணு தோணுச்சு. கலரு அசிங்கம். ஆனா பிளாஸ்டிக்கா இல்ல. சாக்லேட்டு சுத்துற ஜிகினாத் தாளு மாதிரி, தகடாட்டம் இருக்கு. ஏன்னு பாத்தா, நீ மினுக்குலயும் ரோஸைப் போட்டு வச்சிருக்க. நான் அதுவரைக்கும் மினுக்குன்னா வெள்ளைன்னே நெனச்சுக்கிட்டிருந்தேன்."

மீதியை அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எலுமிச்சம்பழத்தின் மேல் அடிக்கிற மினுக்கு வெள்ளை. மோதிரத்தின் மேல் அடிக்கிற மினுக்கு மஞ்சள். தங்கம், தன்மேல் விழுந்த வெளிச்சத்தைத் தன் நிறமாக்கித்தான் திருப்பித் தரும். அப்பாவின் கண்ணுக்குத் தெரிந்து வாய்க்கு வராதது அதுதான். அத்தை நிழலுக்குக் கருமஞ்சள், உடம்புக்கு மஞ்சள், மினுக்குக்கு வெளிறிய மஞ்சள் என்று புதிதாக எழுதினாள். நாலு மணிக்கு மேல் கடைசி ஆளாகப் போய்க் காட்டினாள். தேர்வாளர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாராம்.

"அப்போ நான் மாத்தினதால தங்கம் வந்துச்சுன்னு ஏன் சொன்னீக?"

"பொய்யா அது? பாதி நிசம்தானே? மீதிப் பாதியையும் அன்னைக்கே சொல்லியிருந்தா நீ அந்தக் கம்ப்யூட்டரை மறுபடி தொட்டிருப்பியா?"

எங்கள் வீட்டில் நன்றி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் வேற்றாள் ஆகிவிட்டதாக வருத்தப்படுவார்கள். நான் சொன்னேன். அத்தை, "என்னடீ புதுசா" என்று அதட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

சாப்பிட்டேனா என்று கேட்டதும் அந்தப் புளியோதரை ஞாபகம் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் பன்னைத் தின்றுவிட்டு, அத்தை தொடாத அந்த டப்பாவையும் நான்தான் காலி செய்தேன். ஊறி ஊறி அவ்வளவு ருசியாக இருந்தது. அத்தை கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன, பஸ் தூசி என்றாள். மனிதர்களுக்குச் சந்தோஷம் வந்தால் பசிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே நான் கடைசிப் பருக்கை வரை வழித்துத் தின்றேன்.